பாட்டைச் சுருக்கும் கணக்கு: பெங்களூர் இன்ஜினியரும் உங்கள் எம்பி3 ஃபைலும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதல் வாரத்தில் செய்கிற வேலை, பாட்டுச் சேர்ப்பது. நண்பர் பென் டிரைவில் கொடுத்தது, பழைய சி.டி.யிலிருந்து எடுத்தது, இண்டர்நெட்டில் இறக்கியது என்று ஒரு ஃபோல்டர் நிறைந்துவிடும். அந்த ஃபைல்களில் பெரும்பாலானவற்றின் பெயர் எம்பி3 என்றுதான் முடியும்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 5 நிமிடப் பாட்டு ஒன்று ஆடியோ சி.டி.யில் இருக்கும்போது அதன் அளவு சுமார் 53 மெகாபைட். அதையே சாதாரண எம்பி3 ஆக மாற்றினால் 4.8 மெகாபைட். ஏறத்தாழ 11-ல் ஒரு பங்கு. ஆனால் பாட்டு முழுதாகக் கேட்கிறது. பல்லவி இருக்கிறது, சரணம் இருக்கிறது, நடுவில் வரும் புல்லாங்குழலும் இருக்கிறது. அப்படியானால் மீதி 48 மெகாபைட் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் உங்களுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. வீட்டில் இருக்கும் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைத் தூக்கிப் போடக் கூடாது என்று தெரிந்துகொள்வீர்கள். அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் பாட்டு எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கலாம்.

ஒலி எப்படி எண் ஆகிறது?

கம்ப்யூட்டருக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. எனவே ஒலியையும் எண்ணாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். ஒலி என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. மைக் அந்த அதிர்வை மின்சார ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. கம்ப்யூட்டரில் உள்ள சவுண்ட் கார்டு அந்த ஏற்ற இறக்கத்தை மிகச் சிறிய இடைவெளிகளில் அளந்து எழுதிக்கொள்கிறது. இப்படி அளந்த ஒவ்வொரு எண்ணுக்கும் சாம்பிள் என்று பெயர்.

ஆடியோ சி.டி.யில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள்கள் இருக்கும். நம் காது கேட்கக்கூடிய மிக உயர்ந்த ஒலி நொடிக்கு சுமார் 20,000 அதிர்வுகள். ஓர் அதிர்வைப் பிடிக்க அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் 40,000-க்குக் கொஞ்சம் மேலே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட், அதாவது 2 பைட். ஸ்டீரியோ என்பதால் இடது, வலது என்று இரண்டு வரிசை. ஆக ஒரு நொடிக்கு 1,76,400 பைட். 300 நொடிக்குப் பெருக்கிப் பாருங்கள். மேலே சொன்ன 53 மெகாபைட் வந்துவிடும்.

இந்த அளவு முன்பு பெரிய தலைவலியாக இருந்தது. டெலிபோன் லைனில் 56 கே மோடம் வைத்து இண்டர்நெட் பார்த்த காலத்தில், லைன் முழு வேகத்தில் ஓடினாலும் இந்த ஒரு பாட்டை இறக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எம்பி3 ஆக இருந்தால் சுமார் 12 நிமிடம். பாட்டுக் கேட்பது கேசட் கடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியதற்கு இந்த வித்தியாசம்தான் முக்கியக் காரணம்.

பெங்களூரிலிருந்து கான்சஸ் வரை

எங்கள் மூக்கண்டப்பள்ளி ஓசூரை ஒட்டிய ஊர். பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பிறகு பெங்களூர். எம்பி3-க்கு அடிப்படையான கணக்கைக் கண்டுபிடித்தவர் அந்தப் பெங்களூரில் பிறந்தவர் என்பது இந்தப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் நசீர் அகமது. 1940-ல் பிறந்தவர். பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா இன்ஜினியரிங் கல்லூரியில் 1961-ல் பட்டம் பெற்று, மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 1966-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஹனிவெல் கம்பெனியில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1968-ல் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. படம், ஒலி போன்றவற்றின் எண்களைக் கொசைன் அலைகளாகப் பிரித்துப் பார்த்தால் என்ன? 1972-ல் இதை ஆராய நிதி கேட்டு, நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அரசு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டார். நிதி கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் கருத்து! நிதி இல்லையென்றால் கோடை மாதங்களில் வருமானம் இல்லை. மனைவியிடம் பேசி, பரவாயில்லை என்று முடிவு செய்து, வேலையைத் தொடர்ந்தார் நசீர் அகமது. இந்தக் கதையை அவரே 1991-ல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

அவருடன் சேர்ந்தவர்கள் இருவர். ஒருவர் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த டி. நடராஜன். மற்றவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பேராசிரியராக இருந்த கே.ஆர். ராவ். இந்த ராவ் நம் சென்னை கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து 1952-ல் பட்டம் பெற்றவர். மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. மொத்தம் 4 பக்கம். தலைப்பு, டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். சுருக்கமாக டி.சி.டி.

இன்று நீங்கள் கேட்கும் எம்பி3 பாட்டு, பார்க்கும் ஜேபெக் போட்டோ, டி.வி.டி. படம், மொபைல் வீடியோ எல்லாவற்றுக்குள்ளும் இந்த 4 பக்கக் கணக்கோ அதன் வழிவந்த கணக்கோ இருக்கிறது.

நான்கு எண்களில் டி.சி.டி.

பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் கொசைன் அலை என்றால் என்ன? ஊஞ்சலைப் பின்னால் இழுத்துப் பிடித்து விடுங்கள். அது முன்னும் பின்னும் போய்வரும். அந்த அசைவை நேரத்துக்கு ஏற்பத் தாளில் கோடாக வரைந்தால் வரும் வளைவுதான் கொசைன் அலை. மெதுவாக ஆடினால் நீளமான அலை. வேகமாக ஆடினால் குறுகிய அலை. எந்த எண் வரிசையையும் இப்படிப்பட்ட மெதுவான, வேகமான அலைகளின் கூட்டலாக எழுதலாம். ஒவ்வோர் அலையும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் டி.சி.டி.யின் வேலை.

ஓசூரில் ஒரு நாள் காலை 7 மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தவை 20, 22, 24, 26 டிகிரி. இந்த 4 எண்களை டி.சி.டி.யில் போட்டால் வேறு 4 எண்கள் வரும். அவை 46, மைனஸ் 4.46, 0, மைனஸ் 0.32.

இவற்றுக்கு என்ன அர்த்தம்? முதல் எண் சராசரியைக் காட்டுகிறது. நம் 4 எண்களின் சராசரி 23. அதன் இரண்டு மடங்கு 46. இரண்டாவது எண், இந்த வரிசையில் மெதுவான ஏற்றமோ இறக்கமோ எவ்வளவு என்று சொல்கிறது. மைனஸ் என்றால் ஏறுகிறது. மூன்றாவதும் நான்காவதும் வேகமான ஏற்ற இறக்கத்தைச் சொல்பவை. வெப்பநிலை சீராக ஏறியிருக்கிறது, குதிக்கவில்லை. எனவே அவை இரண்டும் ஏறக்குறைய பூஜ்யம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. முதலில் இருந்த 20, 22, 24, 26 நான்குமே முக்கியமான எண்கள். எதையும் விட முடியாது. டி.சி.டி. செய்த பிறகு முக்கியமானவை இரண்டே இரண்டு. கடைசி இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, 46, மைனஸ் 4.46 ஆகியவற்றை மட்டும் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டால் என்ன வரும்? 20.1, 21.8, 24.2, 25.9. முழு எண்ணாக்கினால் 20, 22, 24, 26. பழைய எண்களே வந்துவிட்டன! நான்கு எண்களை இரண்டு எண்களில் அடக்கிவிட்டோம்.

வீடு கட்டும் இடத்தில் மணல் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலந்து கிடக்கும்போது எது மணல், எது கல் என்று பிரிக்க முடியாது. சல்லடையில் போட்டால் அளவுவாரியாகப் பிரிந்துவிடும். பிறகு எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வது சுலபம். டி.சி.டி.யும் ஒரு சல்லடைதான். அது எதையும் தூக்கிப் போடுவதில்லை, பிரித்து மட்டும் தருகிறது. தூக்கிப் போடுவது அடுத்த கட்டம்.

கொசைன்தான் வேண்டுமா?

எண் வரிசையை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியே முறை இதற்கு முன்பே இருந்தது. அது நீங்கள் கொடுக்கும் துண்டு திரும்பத் திரும்ப வருவதாக நினைத்துக்கொள்ளும். 20, 22, 24, 26 முடிந்ததும் மறுபடி 20 என்று தொடங்கும். 26-லிருந்து 20-க்கு ஒரே குதி. உண்மையில் அப்படி ஒரு குதியே இல்லை. ஆனால் இல்லாத அந்தக் குதியை எழுத நிறைய வேக அலைகள் தேவைப்படும். இடம் வீணாகும்.

டி.சி.டி. அந்தத் துண்டைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வைத்து நீட்டுகிறது. 20, 22, 24, 26, அடுத்து 26, 24, 22, 20. குதி இல்லை. எனவே குறைவான எண்களிலேயே வேலை முடிந்துவிடுகிறது. எளிமை என்று ஒதுக்கப்பட்ட யோசனையின் பலம் இதுதான்.

ஓடு வேய்வது போல ஒட்டுதல்

பாட்டு என்பது நீளமான எண் வரிசை. அதை மொத்தமாக டி.சி.டி.யில் போட முடியாது. துண்டு துண்டாக வெட்டித்தான் போட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஒட்டினால், ஓரங்கள் சரியாகப் பொருந்தாது. டிக், டிக் என்று சத்தம் கேட்கும்.

இதற்கு வழி கண்டவர்கள் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரின்சன், ஜான்சன், பிராட்லி ஆகியோர். 1987-ல் வந்த அவர்கள் முறையில், ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டின் மேல் பாதி ஏறி நிற்கும். கூரையில் ஓடு வேயும்போது ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு ஏறி உட்காருவதில்லையா? அது போலத்தான். ஒரு துண்டின் ஓரத்தில் வரும் பிழையை அடுத்த துண்டின் பிழை சரியாக அடித்துவிடும்படி கணக்கை அமைத்தார்கள். அதற்காக எண்களின் எண்ணிக்கை கூடவும் இல்லை. மாடிஃபைடு டி.சி.டி. என்பது இதன் பெயர். எம்பி3, அதற்குப் பின் வந்த ஏ.ஏ.சி., ஓக் வார்பிஸ் எல்லாம் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

எம்பி3 ஒவ்வொரு முறையும் 576 சாம்பிள்களை எடுத்துக்கொள்கிறது. முதலில் அவற்றை 32 பட்டைகளாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு பட்டையையும் மாடிஃபைடு டி.சி.டி. மூலம் 18 ஆகப் பிரிக்கிறது. 32-ஐ 18-ஆல் பெருக்கினால் அதே 576. ஆக, 576 சல்லடைகள்.

காது கேட்காததை விடுதல்

சல்லடையில் பிரித்தாயிற்று. இனி எதைத் தூக்கிப் போடுவது? வெப்பநிலை உதாரணத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்ததை விட்டோம். பாட்டில் அது மட்டும் போதாது. இங்கே காதைப் பற்றிய அறிவு வேண்டும்.

எங்கள் ஊர் சிப்காட் பகுதியை ஒட்டியது. பிரஸ் மிஷின் ஓடும் பட்டறைக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் எப்படிக் கேட்கும்? கடிகாரம் நின்றுவிடவில்லை. அதன் ஒலி காற்றில் இருக்கிறது. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைத்துவிடுகிறது. இதை மறைப்பு விளைவு என்று சொல்லலாம். பாட்டிலும் இப்படித்தான். தவில் ஓங்கி ஒலிக்கும் கணத்தில், அதற்கு நெருக்கமான அதிர்வில் மெல்லிய ஒலி ஏதாவது இருந்தால் காதுக்குத் தெரியாது. பெரிய அடி விழுந்து முடிந்த மறுகணத்திலும் காது கொஞ்சம் மந்தமாகவே இருக்கும்.

எம்பி3 செய்யும் சாஃப்ட்வேர் ஒவ்வொரு துண்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. காதுக்கு எட்டாத எண்களைப் பூஜ்யமாக்குகிறது. ஓரளவு எட்டும் எண்களைத் தோராயமாக எழுதுகிறது. நன்றாகக் கேட்கும் எண்களைத் துல்லியமாக எழுதுகிறது. கடைசியாக, அடிக்கடி வரும் எண்களுக்குக் குட்டிக் குறியீடும், அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடும் கொடுத்து இன்னும் கொஞ்சம் சுருக்குகிறது. இது 1952-ல் வந்த ஹஃப்மன் முறை.

இந்தப் பகுதியில் பெரிய உழைப்பு ஜெர்மனியில் நடந்தது. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் சைட்சர், டெலிபோன் லைனில் இசையை அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவரது காப்புரிமை விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி, இது நடக்காத காரியம் என்று திருப்பி அனுப்பினார். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் விடவில்லை. ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தினரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை 1990-களின் தொடக்கத்தில் எம்பெக் தரத்தில் இடம்பெற்றது. சுசான் வேகா என்ற பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய பாட்டு ஒன்று ஆரம்பத்தில் மிக மோசமாகக் கேட்டதாம். அது நன்றாகக் கேட்கும் வரை திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். தனிக் குரல்தான் கஷ்டமான பரீட்சை. மறைக்க வேறு வாத்தியம் இல்லையே! ஃபைல் பெயருக்குப் பின்னால் எம்பி3 என்று போடுவது 1995 ஜூலை 14-ல் முடிவானது. ஃபிரான்ஹோஃபர் தன் எம்பி3 உரிமத் திட்டத்தை 2017-ல் முடித்துக்கொண்டது. இப்போது யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் எம்பி3 சாஃப்ட்வேர் எழுதலாம்.

போனது போனதுதான்

இப்போது முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. மீதி 48 மெகாபைட் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. தூக்கிப் போடப்பட்டுவிட்டது. ஜிப் ஃபைலையும் எம்பி3-யையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஜிப் செய்த கடிதத்தைத் திறந்தால் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் திரும்ப வரும். எம்பி3-யைத் திறந்தால் பழைய பாட்டைப் போன்ற ஒன்று வரும். அதே எண்கள் வராது.

சினிமாப் பாட்டு என்றால் கவலை இல்லை. வேறு சி.டி. கிடைக்கும். வீட்டுக் கேசட் அப்படி அல்ல. துபாய், மஸ்கட் என்று வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் குரலைப் பதிவு செய்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பாட்டி பாடிய தாலாட்டு, குழந்தையின் முதல் பேச்சு, கல்யாண வீட்டு நலுங்குப் பாட்டு என்று எத்தனையோ கேசட்டுகள் பரணில் கிடக்கின்றன. உலகத்தில் அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா புதிதாக லேப்டாப் வாங்கினார். இறந்துபோன அவர் அம்மா ஒப்பாரியும் கும்மிப் பாட்டும் பாடிய கேசட் ஒன்று இருந்தது. அதை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக மாற்றி வாங்கினார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. என்னிடம் பென் டிரைவைக் கொண்டுவந்தார்.

"தம்பி, இதுல 32-ன்னு ஏதோ கம்மியா இருக்காம். நீங்க 320-க்கு ஏத்திக் குடுங்க" என்றார்.

"கேசட் இருக்காக்கா?"

"அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சேன்னு பழைய சாமானோட போட்டுட்டேன்."

32 என்பது அந்த ஃபைலின் பிட் ரேட். ஒரு நொடி ஒலிக்கு 32 கிலோபிட் மட்டும் செலவழித்திருக்கிறார்கள். அதை 320 ஆக மாற்ற எந்தச் சாஃப்ட்வேரிலும் முடியும். ஃபைல் 10 மடங்கு பெரிதாகும். குரல் அப்படியேதான் இருக்கும். 32-ல் தூக்கிப் போட்டதை 320 எங்கிருந்து கொண்டுவரும்? நான் செய்து காட்டினேன். அவர் இரண்டையும் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. சின்னதாக இருந்த ஃபைலையே நான்கு இடங்களில் காப்பி எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எதற்கு எந்த பிட் ரேட்?

எம்பி3 ஆக மாற்றும்போது சாஃப்ட்வேர் பிட் ரேட் கேட்கும். கீழே உள்ளதை நினைவில் வையுங்கள்.

32 கிலோபிட்: வேண்டாம். பாட்டுக்குச் சற்றும் பொருந்தாது.

64 கிலோபிட், மோனோ: பேச்சு, சொற்பொழிவுக்குப் போதும். ஒரு மணி நேரம் சுமார் 29 மெகாபைட்.

128 கிலோபிட்: பஸ்ஸில், சாதாரண இயர்போனில் கேட்கப் போதும். ஜால்ரா, சலங்கை போன்ற கூர்மையான ஒலிகள் லேசாக மங்கும். 5 நிமிடம் 4.8 மெகாபைட்.

192 கிலோபிட்: வீட்டில் கேட்க நல்ல அளவு. 5 நிமிடம் 7.2 மெகாபைட்.

320 கிலோபிட்: எம்பி3-யில் இதுதான் உச்சம். 5 நிமிடம் 12 மெகாபைட். ஆனால் இதிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

மூலப் பிரதியாக வைத்துக்கொள்ள எம்பி3 எதுவுமே சரியல்ல. வேவ் அல்லது ஃபிளாக் வடிவத்தில் வையுங்கள். வேவ் என்பது சி.டி.யில் உள்ளது போன்ற சுருக்காத எண் வரிசை. ஃபிளாக், ஜிப் போல எதையும் இழக்காமல் சுருக்கும். 16 ஜிகாபைட் பென் டிரைவில் சுருக்காத வேவ் ஒலியே சுமார் 25 மணி நேரம் பிடிக்கும். இடம் மிச்சம் பிடிக்கக் குரலை இழக்க வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறை

இதற்குத் தேவையானவை மூன்று. நன்றாக ஓடும் டேப் ரெக்கார்டர். இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஸ்டீரியோ கேபிள். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர்.

1. முதலில் முக்கியமில்லாத ஒரு கேசட்டை ஓட்டிப் பாருங்கள். டேப்பைக் கடிக்காமல் ஓடுகிறதா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து உலர விடுங்கள்.

2. முக்கியமான கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் பழைய பதிவு அழியாது.

3. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையையும் கம்ப்யூட்டரின் லைன் இன் துளையையும் கேபிளால் இணையுங்கள். டெஸ்க்டாப்பில் இது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். பல லேப்டாப்களில் ஹெட்செட்டுக்கான ஒரே துளைதான் இருக்கும். அது மைக்குக்கானது, இதற்குப் பொருந்தாது. லைன் இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் லைன் இன் அல்லது அந்த அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். சாம்பிள் ரேட் 44,100.

5. கேசட்டில் மிகச் சத்தமான இடத்தை ஓட்டி, மீட்டரைப் பாருங்கள். உச்சம் மைனஸ் 6 பக்கத்தில் நிற்கும்படி வால்யூமைக் குறையுங்கள். மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி சிதையும். பிறகு சரிசெய்ய முடியாது.

6. கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றுங்கள். ஆடாசிட்டியில் ரெக்கார்டு பட்டனை அமுக்கிவிட்டு, டேப் ரெக்கார்டரில் பிளே அமுக்குங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது.

7. முடிந்ததும் எக்ஸ்போர்ட் சென்று, முதலில் வேவ் அல்லது ஃபிளாக் ஆகச் சேமியுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வேலை எதுவும் செய்வதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். ஃபைல் பெயரில் பாடியவர், இடம், வருடம் போட்டுவிடுங்கள்.

8. அதிலிருந்து எம்பி3 பிரதி எடுத்து மொபைலிலும் உறவினர்களுக்கும் கொடுங்கள். இன்னொரு எம்பி3 வேண்டுமென்றால் மறுபடி வேவிலிருந்தே எடுங்கள். எம்பி3-யிலிருந்து எம்பி3 எடுத்தால் ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுப்பது போல மங்கிக்கொண்டே போகும்.

9. மூல ஃபைலை ஹார்ட் டிஸ்க் தவிர இன்னும் ஓரிடத்திலாவது வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

படித்ததைக் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். ஏதாவது ஒரு பாட்டு சி.டி.யிலிருந்து வேவ் ஃபைல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் திறந்து, அதை 320, 128, 32 என்று மூன்று எம்பி3-களாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 320-க்கும் வேவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 128-ல் ஜால்ராவையும் கைதட்டலையும் கவனித்துக் கேளுங்கள். 32-ல் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு அந்த 32-ஐ மறுபடி 320 ஆக மாற்றிக் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் முக்கியமான விஷயம் எதுவோ அது அந்த அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

நசீர் அகமதுவின் கதையை 2021-ல் திஸ் இஸ் அஸ் என்ற அமெரிக்க டி.வி. தொடரில் காட்டினார்கள். கிண்டியில் படித்த கே.ஆர். ராவ் அதே 2021-ல் காலமானார். அவர்கள் தந்த கணக்கு, எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எண்களைப் பிரித்துக் கொடுக்கும். பரணில் இருக்கும் எந்தக் கேசட் முக்கியம் என்பதை அது சொல்லாது. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை இறக்கி, டேப் ஓடுகிறதா என்று பாருங்கள்.